வட்டக்காய் வரிசையும் ஒரு மாகாணப் பதக்கமும்

எங்கள் டோஜோவில் இப்போது கராத்தே பழகுகிற பிள்ளைகள் மகா கெட்டிக்காரர்கள். எதிராளியின் போட்டியைக் கைபேசியில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, அடிப்பதற்கு முன் அவன் தோள் எப்படி அசைகிறது, கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றெல்லாம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருத்தி என்னிடம் வந்து, "அங்கிள், இந்த வீடியோ எல்லாம் பாக்காம ஒங்க வீக்னஸ எப்பிடி கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் குறையைக் கண்டுபிடிக்க வீடியோ எதற்கு? மண்டபத்துக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தாலே போதும். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அதை நானும் கண்டுபிடிக்கவில்லை, எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் வருஷக்கணக்காகக் கண்டுபிடிக்கவில்லை.

அந்தக் கதையை டோஜோவின் ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் எழுதிப் பழகியவன் இல்லை, தம்புள்ளைச் சந்தையில் லொறி இறக்கிப் பழகியவன். முழங்கால் ஒத்துழைக்க மறுத்து அந்த வேலையை விட்டபிறகு நேரம் நிறையக் கிடக்கிறது, எழுதுகிறேன். தேசியப் போட்டியில் எடுத்த வெண்கலத்தைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைப்பீர்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக அடித்தேன், நன்றாக அடிபட்டேன், மூன்றாவதாக வந்தேன். இன்றைக்கும் நினைத்தவுடன் எனக்கு மயிர்க்கூச்செறிவது அதற்கு முன் மாத்தளையில் நடந்த மாகாணப் போட்டிதான்.

நான் எல்கடுவைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவன். மீசை முளைத்த கையோடு தம்புள்ளைக்கு வந்து நஸீர் நானாவின் செட்டில் சேர்ந்தேன். செட்டு என்றால் மரக்கறி லொறிகளை ஏற்றி இறக்கும் ஆட்களின் கூட்டம். ஒருவன் வராவிட்டால் அவன் பாரத்தையும் மற்றவர்கள்தான் தூக்க வேண்டும், அதனால் சும்மா லீவு போட யாருக்கும் மனம் வராது. சந்தை ஓய்கிற நாட்களில் பஸ் ஏறி மாத்தளை டவுனுக்குப் போய்க் கராத்தே பழகினேன். ஏன் போனேன் என்று கேட்டால், கூடப்போன சிநேகிதன் ஒரே வாரத்தில் நின்றுவிட்டான், எனக்கு நிற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். வெள்ளைப் பட்டி கறுப்புப் பட்டியாகும் வரை நடந்ததை எல்லாம் எழுதினால் மலர் தாங்காது. நாரத்தம்பழம் மாதிரி முழங்கை வீங்கியது, பஸ்ஸில் நின்றபடியே தூங்கி வழியில் நாவுலையில் இறங்குகிறவர்களின் காலை மிதித்தது, இவ்வளவும் போதும்.

சந்தை வேலையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அங்கேதான் இருக்கிறது. பூசணியை எங்கள் பக்கம் வட்டக்காய் என்போம். வெங்காயம், போஞ்சி எல்லாம் மூட்டையில் வரும். வட்டக்காய் அப்படி வராது. லொறி நிறையக் கொட்டிக் கிடக்கும். லொறியின் மேலே ஒருவன், கீழே ஒருவன், அவனுக்கு அடுத்து ஒருவன் என்று கடைக்குள் வரை வரிசையாக நிற்போம். காய் ஒருவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்குப் பறந்து போகும். சில காய்கள் கைக்குழந்தை கனம், சில காய்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கனம்.

எறிவதற்கு முறை உண்டு. முதலில் பிடிக்கிறவனின் வயிற்றைப் பார்க்க வேண்டும், காய் போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான். பிறகு "ஹோய்!" என்று சத்தம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கை அசைய வேண்டும். சத்தம் கொடுக்காமல் எறிந்தால் பிடிக்கிறவனின் விலா எலும்பு போகும். சத்தம் கொடுத்துவிட்டு எறியாவிட்டால் அதைவிட மோசம். கையை நீட்டி முன்னால் சாய்ந்த ஆள் நிலை தடுமாறுவான், அப்போது பார்த்துத்தான் உண்மையான காய் வரும். பொய்ச் சத்தம் கொடுக்கிறவனை எந்தச் செட்டும் வைத்துக்கொள்ளாது. வேறு எதில் பொய் சொன்னாலும் சமாளித்துக்கொள்வார்கள், அதில் மட்டும் கிடையாது.

இந்தச் சட்டத்தை எங்களுக்குள் இறக்கியவர் நஸீர் நானா. கலேவெலக்காரர், ஒல்லி உடம்பு, வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய சாரம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "டேய் அந்தோனி, எருமை, இங்க வாடா" என்றால் பாசமாக இருக்கிறார் என்று அர்த்தம். "அந்தோனி, நீங்க கொஞ்சம் இங்க வாறீங்களா?" என்றால் அன்றைக்கு என் கதை முடிந்தது. மரியாதை கூடக்கூட ஆபத்து கூடும். ஒருமுறை புதிதாக வந்த ஒருவன் சத்தம் கொடுக்காமல் எறிந்துவிட்டான். "ஒங்களுக்கு இந்த வேல சரிவராது போல இருக்குங்க. டீ குடிச்சிட்டு போறீங்களா?" என்று கேட்டார். அந்த ஆள் டீ குடித்துவிட்டுப் போனவன்தான், திரும்பி வரவில்லை.

மாத்தளையில் எனக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்த சுகந்தி மிஸ் இதற்கு நேர் எதிர். டவுனில் கணக்கு டீச்சர், என்னைவிட வயதில் சின்னவர். மெத்தை விரிப்பில் கால் வைத்தவுடன் எனக்கு 'நீ', 'வா', 'போ'தான். "அந்தோனி! கால் எங்க போகுது, கை எங்க போகுது? ரெண்டும் ஒரே ஆளோடதா?" வகுப்பு முடிந்து குனிந்து வணக்கம் சொன்ன அடுத்த நொடி, "அண்ணே, தம்புள்ள பஸ் இருக்குமா? சாப்டுட்டு போறீங்களா?" என்பார். அந்த ஒரு வணக்கத்துக்குள் எப்படித்தான் ஆள் மாறுகிறாரோ தெரியாது.

சண்டைப் போட்டியில் குத்துக்கு ஒரு புள்ளி, வயிற்றில் உதைத்தால் இரண்டு, தலைக்கு உதை போனால் மூன்று. அடி பட வேண்டும், ஆனால் காயம் படக் கூடாது. தலைக்குப் போகிற கால் தோலைத் தொட்டதும் திரும்பிவிட வேண்டும். அடிக்கும் நேரத்தில் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வர வேண்டும், அதைக் கியாய் என்போம். மூலைகளில் கொடியோடு உட்கார்ந்திருக்கும் நடுவர்களுக்கு, அடித்தவன் முழு மனதோடு அடித்தான் என்று காட்டுவது அந்தச் சத்தம்தான்.

நான் நல்ல வேகக்காரன். மூட்டை தூக்கிய உடம்பு. ஆனால் மாகாணப் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து ஒரே ஆளிடம் தோற்றேன். கண்டி லசந்த. என் எடைப் பிரிவில் அவன்தான் சம்பியன். மற்றவர்கள் என்னை அடிக்க ஓடி வருவார்கள், வருகிறவனைத் திருப்பி அடிப்பதில் நான் மன்னன். லசந்த வரவே மாட்டான். ஒரு புள்ளி எடுத்துக்கொண்டு தூர நின்று சிரிப்பான். நான்தான் போக வேண்டும். போனால் என் ஒவ்வொரு அடியும் அவன் கையில் போய் முட்டும், பதிலுக்கு அவன் குத்து என் முகத்தில் வந்து உட்காரும். நான் எங்கே, எப்போது அடிக்கப்போகிறேன் என்று எவனோ அவன் காதில் ஓதுகிற மாதிரி இருந்தது.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு நஸீர் நானா என்னை 'டா' போட்டுத்தான் கூப்பிட்டார், ஆனால் சொன்னது கனமாக இருந்தது.

"டேய், வருஷா வருஷம் இந்த சீசன்ல நீ பிராக்டிஸ்னு போற. ஒன் பாரத்த செல்வமும் மத்தவங்களும் தூக்குறாங்க. ஒருத்தனும் வாய் தொறக்கல. ஆனா எனக்கு கண்ணு இருக்குல்ல. இந்த ஒரு வருஷம் போ. ஜெயிச்சி நேஷனலுக்கு போனா சந்தோஷம். இல்லன்னா கராத்தேய விட்ரு. சரியா?"

"சரி நானா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் சொன்னதில் ஒரு சொல் கூடப் பிழையில்லை. மாகாணத்தில் தங்கம் எடுக்கிறவன் மட்டும்தான் தேசியப் போட்டிக்குப் போவான். ஆகவே கணக்கு சுலபம்: லசந்தவை வெல்ல வேண்டும், இல்லையென்றால் பட்டியைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும்.

போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது சுகந்தி மிஸ் அநுராதபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் மரக்கறி வாங்கத் தம்புள்ளையில் இறங்கினார். நான் லொறியின் மேலே நின்று வட்டக்காய் எறிந்துகொண்டிருந்தேன். கீழே செல்வம் பிடித்துக்கொண்டிருந்தான். செல்வம் என் அறைக்கூட்டாளி, வாயாடி, செட்டுக்கே ரேடியோ. பார்வை, ஹோய், எறி. பார்வை, ஹோய், எறி. மிஸ் வந்ததை நான் பார்க்கவில்லை. திடீரென்று ஒரு பொம்பளை சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், கல்யாணச் சேலையோடு ஒரு வெங்காய மூட்டையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய மிஸ் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன மிஸ்?" என்றபடி இறங்கி ஓடினேன்.

அவரால் பேச முடியவில்லை. மூச்சு வாங்கி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணே, மூணு வருஷமா நீங்க லசந்தவ அடிக்கலண்ணே. அவனுக்கு வட்டக்கா எறிஞ்சிக்கிட்டு இருந்திருக்கீங்க!"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. செல்வத்துக்குச் சட்டென்று விளங்கிவிட்டது, அவனும் சிரிக்க ஆரம்பித்தான். மற்றவர்களின் கியாய் அடியோடு சேர்ந்து வரும். என் கியாய் அடிக்கு முன்னால் வருகிறது. அதற்கும் முன்னால் என் கண், அடி விழப்போகும் இடத்தைப் பார்த்துவிடுகிறது. என் சத்தம் கொஞ்சம் விகாரமானது என்று மட்டும்தான் மிஸ் இத்தனை நாளும் நினைத்திருந்தார். "அது கியாயா, மாடு ஓட்டுற சத்தமா?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். திருப்பி அடிக்கும்போது மட்டும் எனக்கு அந்தச் சத்தம் முந்தி வருவதில்லை. வரிசையில் பிடிக்கிறவன் சத்தம் கொடுக்கத் தேவையில்லை அல்லவா? எல்லாம் பொருந்தியது. வெட்கமாகவும் இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. நோய் என்னவென்று தெரிந்துவிட்டதே!

தெரிந்தது, ஆனால் போகவில்லை. சத்தமில்லாமல் அடி என்றார் மிஸ். ஹோய் என்று அடித்தேன். வாயைத் துணியால் கட்டினார். மூக்கு வழியாக ஹோய் வந்தது. டோஜோவே விழுந்து புரண்டு சிரித்தது. இரண்டு நாள் கஷ்டப்பட்டு அதை அடக்கினால், மூன்றாம் நாள் சந்தையில் பதினைந்து கிலோக் காய் கையில் இருக்கும்போது சத்தம் வரவில்லை. எறியாமல் அப்படியே நின்றுவிட்டேன். செல்வத்தின் விலா எலும்பை வைத்து நான் கராத்தே பழக முடியாது. "மிஸ், என்னால இத விட முடியாது" என்றேன்.

மிஸ் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, காய் பிடிக்கிறவன்போலத் தன் கைகளை வயிற்றுக்கு நேரே நீட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார்.

"சரி. நீ விட வேணாம். அவன் வயித்த பாரு. ஹோய்னு சத்தம் குடு. ஆனா எறியாத. அவன் கை ரெண்டும் வயித்துக்கு எறங்கும். அப்ப காலத் தூக்கி தலைக்கு போடு. மூணு புள்ளி."

எவ்வளவு அழகான யோசனை! கேட்டவுடன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னது பொய்ச் சத்தம். எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலம் இல்லை. முயன்று பார்த்தேன். ஹோய் என்றதும் கை தானாக எறிந்துவிட்டது. நூறு தடவை முயன்றும் கை எறிந்துவிட்டது. தலைக்கு உதைக்கும் கால் மட்டும் தனியாக நன்றாகப் பழகியது. மிஸ் ஒரு தென்னோலை ஈர்க்கைத் தன் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வார், என் கால்விரல் அதைத் தொட வேண்டும், ஒடிக்கக் கூடாது. அதுவும் வந்துவிட்டது. அந்தப் பொய் மட்டும் வரவில்லை.

கடைசியில் நஸீர் நானாவிடமே போனேன். போட்டிக்கு முந்திய வாரம். அவர் என்னைச் சந்தைத் தராசில் ஏற்றி எடை பார்த்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் எடைப் பிரிவைத் தாண்டினால் போட்டியே கிடையாது. "கொஞ்சம் கூட இருக்குடா. சாக்குக்கு கழிச்சா சரியா வரும்" என்று மூட்டை நிறுக்கிற பாஷையில் சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நம்பி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். தராசிலிருந்து இறங்கச் சொன்னார். மரியாதை வரப்போகிறது என்று பயந்துபோனேன்.

"டேய்" என்றார். எனக்கு உயிர் வந்தது. "அந்த கண்டிக்காரன் நம்ம செட்டுல நிக்கிற ஆளா?"

"இல்ல நானா."

"நாளைக்கு நீ எறியிற காய அவனா புடிக்கப் போறான்?"

"இல்ல நானா."

"அப்ப அவனுக்கு எதுக்குடா நீ மூணு வருஷமா உண்ம சொன்ன? அவன் அங்க நிக்கிறதே ஒன்ன ஏமாத்தத்தான். நீயும் அவன ஏமாத்தத்தான் போற. ரெண்டு பேருக்கும் தெரியும். தெரிஞ்சி செய்யிறது வெளையாட்டு. நம்ம சத்தம் நம்ம ஆளுக்கு. அல்லாஹ் மேல சத்தியமா இதுல பாவம் ஒண்ணும் இல்ல, போ."

தலையில் இருந்த மூட்டை இறங்கிவிட்டது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: மனம் ஒத்துக்கொண்டது, கை ஒத்துக்கொண்டதா என்று எனக்கே தெரியாது. போட்டி நாள் வரை ஒருமுறை கூட அதைச் சரியாகச் செய்யவில்லை.

போட்டி டவுனில் ஒரு பெரிய மண்டபத்தில். செல்வம் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். காலையில் எடை பார்த்தார்கள். நான் இரண்டு நாளாகச் சோற்றைக் குறைத்திருந்தேன், முள் கோட்டுக்கு உள்ளேதான் நின்றது. "சாக்கே கழிக்கல மச்சான்!" என்று செல்வம் கத்தினான், எடை பார்த்த அதிகாரி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முதல் இரண்டு சுற்றுகளில் வந்தவர்கள் ஓடி வருகிற ஆட்கள். வரவர வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். உடம்பு பஞ்சாக இருந்தது. காலில் சக்கரம் கட்டிய மாதிரி விரிப்பில் வழுக்கிப் போனேன். அப்படி ஒரு நாள் உடம்புக்கு எப்போதாவதுதான் வரும்.

இறுதிச் சுற்று. எனக்குச் சிவப்புப் பட்டி, லசந்தவுக்கு நீலம். மிஸ் பயிற்சியாளர் நாற்காலியில் முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "ஹஜிமே!" என்றார் நடுவர், தொடங்கலாம் என்று அர்த்தம்.

லசந்த ஆரம்பத்திலேயே ஒரு குத்துப் போட்டுப் புள்ளி எடுத்தான். எடுத்ததும் வழக்கம்போலத் தூரப் போய் நின்றான். சிரித்தான். நான் போனேன். பொய்ச் சத்தம் கொடுக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன், "ஹோய்" என்றது வாய், கை எறிந்துவிட்டது. அவன் தட்டிவிட்டுக் குத்தினான். இரண்டு. மறுபடி போனேன், மறுபடி அதே கதை. மூன்று. மண்டபத்தில் கண்டிக்காரர்கள் கை தட்டினார்கள். அவனுக்கு ஆசை வந்துவிட்டது, ஒருமுறை அவனாக ஓடி வந்தான். வந்தவனைப் பிடித்துக் குத்தினேன். எனக்கு ஒன்று. அதோடு உஷாராகிவிட்டான், அதற்கப்புறம் அசையவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நடுவர் நிறுத்தி எங்களைப் பழைய இடத்துக்கு அனுப்பிய நேரத்தில் மிஸ்ஸைப் பார்த்தேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, என் காதுக்கு எட்டும் அளவுக்கு மட்டும் சொன்னார்: "அண்ணே. அவன் ஒங்க செட்டு இல்லண்ணே."

விரிப்பில் நிற்கும்போது அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சுக்குள் என்னவோ இளகியது.

"ஹஜிமே!"

லசந்தவின் வயிற்றைப் பார்த்தேன். நன்றாக, அங்கே ஒரு வட்டக்காயை வைக்கப்போகிறவன் மாதிரிப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் கொடுக்காத ஒரு சத்தம் கொடுத்தேன். "ஹோய்!" மண்டபம் அதிர்ந்தது. தோளும் முன்னுக்குப் போனது. கை? கை நின்றது! என் கை என் பேச்சைக் கேட்டு நின்றது! அவன் கைகள் இரண்டும் வயிற்றுக்கு இறங்கின, உடம்பு முன்னால் சாய்ந்தது, வரிசையில் காய்க்காகச் சாய்கிற ஆளைப்போலவே சாய்ந்தான். என் வலது கால் மேலே போனது. கால்விரலில் அவன் காதோரத்து வியர்வை பட்டதும் இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் உண்மையான கியாய் வந்தது, எங்கிருந்து வந்ததென்று தெரியாது, ஹோயும் இல்லை, மாடு ஓட்டுகிற சத்தமும் இல்லை.

"யமே!"

நடுவர் நிறுத்தச் சொன்னார், எல்லாம் நின்றது. ஒரு மூலையில் சிவப்புக் கொடி உயர்ந்தது. அடுத்த மூலை நடுவர் கண்ணை மறைத்துக் காட்டினார், அவருக்குத் தெரியவில்லை. புள்ளிக்கு இரண்டு கொடியாவது வேண்டும். மூன்றாவது மூலையைப் பார்த்தேன். அந்த மனிதர் எவ்வளவு நிதானமாகக் கையைத் தூக்கினார் தெரியுமா! சிவப்பு! நடுவர் என் பக்கம் கையை உயர்த்தி மூன்று புள்ளி என்றார். நான்குக்கு மூன்று. செல்வம் நாற்காலியில் ஏறி நின்று கத்தியது வீதிக்குக் கேட்டிருக்கும்.

மீதி நேரம் கொஞ்சம்தான். லசந்த இப்போது சிரிக்கவில்லை, புலிபோல வந்தான். பின்னால் போனால் கோட்டைத் தாண்டிவிடுவேன், தாண்டினால் தண்டனை. வரட்டும் என்று நின்ற இடத்தில் நின்றேன். வருகிறவனை வாங்குவது என் தொழில் அல்லவா? ஒரு குத்தைத் தட்டினேன், இன்னொன்று தோளில் பட்டது, மூன்றாவதோடு இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டோம், மணி அடித்தது. அந்த மணிச் சத்தத்தைப்போல இனிமையான ஒன்றை நான் கோயிலில்கூடக் கேட்டதில்லை. லசந்த என் கையைப் பிடித்துக் குலுக்கி, சிங்களத்தில் கேட்டான்: "அண்ணே, இதை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?" மிஸ் ஓடி வந்தார். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இடது கைய ஏன் தொங்கப் போட்ட?" என்று திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார்.

அடுத்த நாள் காலையில் பதக்கத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். எனக்கு முன்பே போயிருந்த செல்வம், முழுச் சண்டையையும் நடித்துக் காட்டி முடித்திருந்தான். லசந்தவாகவும் அவன்தான், நானாகவும் அவன்தான், கொடி பிடித்த நடுவர்களாகவும் அவன்தான். எல்லோரும் முதுகில் தட்டினார்கள். வட்டக்காய் லொறி ஒன்று காத்திருந்தது. மேலே ஏறினேன். செல்வம் கீழே நின்றான். காயை எடுத்தேன், அவன் வயிற்றைப் பார்த்தேன்.

"ஹோய்!"

செல்வம் கையை நீட்டவில்லை. மார்பில் கட்டிக்கொண்டான்.

"ஐயோ, நான் மாட்டேம்பா! இவன் சத்தத்த நம்பி நேத்து ஒருத்தன் மண்டைய குடுத்துட்டு போயிருக்கான்!"

வரிசையே வெடித்துச் சிரித்தது. நல்லவேளை, காய் இன்னும் என் கையில்தான் இருந்தது. நானும் சிரித்தேன். மறுபடி சத்தம் கொடுத்தேன். இந்த முறை அவன் கையை நீட்டினான், ஆனால் ஒரு கணம் பிந்தி நீட்டினான். நான் எறிந்துவிட்டேன். காய் அவன் விரலில் பட்டு நழுவி, நிலத்தில் விழுந்து பிளந்தது. செல்வம் வேண்டுமென்று செய்யவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன், அவனுக்கே திகைப்பாக இருந்தது. அவன் கை உண்மையாகவே யோசித்திருக்கிறது. சிரிப்பு நின்றுவிட்டது. என் சத்தத்தைக் கேட்டு ஒரு கை யோசிக்குமென்றால் அந்த வரிசையில் நான் எதற்கு? பதக்கம் சட்டைப்பைக்குள் கல்லாகக் கனத்தது.

நஸீர் நானா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். பிளந்த காயைப் பார்த்தார். செல்வத்தைப் பார்த்தார்.

"செல்வம், நீங்க கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?"

நீங்க என்றார். செல்வம் விலகினான். அவன் நின்ற இடத்தில் நானா போய் நின்றார், சாரத்தை இறுக்கிக் கட்டினார், மெலிந்த இரண்டு கைகளையும் வயிற்றுக்கு நேரே நீட்டினார். நீட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

"நானா, கண்ணத் தொறங்க" என்றேன்.

"எறிடா."

இருந்ததில் சின்னக் காயாகத் தேடி எடுத்தேன். அவர் வயிற்றைப் பார்த்தேன். சத்தம் கொடுத்தேன். எறிந்தேன். அவர் கைகள் காயோடு சேர்ந்து ஒரு சாண் பின்னால் போய், அதை ஒரு பிள்ளையை வாங்குவதுபோல வாங்கின. கண்ணைத் திறக்காமலே பக்கத்திலிருந்தவனுக்கு "ஹோய்" என்று கொடுத்தார். அவன் பிடித்தான், அடுத்தவனுக்குக் கொடுத்தான், வரிசை ஓடத் தொடங்கியது.

"பெருசா பாத்து எறிடா, எருமை" என்றார் நானா. "நேஷனல் முடியிற வரைக்கும் நீ இல்லாத நாள்ல இந்த வரிசையில நான் நிக்கணும். கை பழக வேணாமா?"